முந்நூறு சோப்பும் ஒரு மூக்கும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன் இல்லை. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கார்டு விண்ணப்பமும், கடைப் பலகையில் 'இன்று விடுமுறை' என்பதும்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்தக் கதையை எங்கள் வீட்டு விசேஷங்களில் என்னைத் தவிர எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சொல்லச் சொல்ல ஒவ்வொரு பொய்யாகக் கூடிக்கொண்டே போகிறது. போன மாதம் என் மச்சினன் சொன்னபோது அதில் ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஆம்புலன்ஸெல்லாம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மூக்கு என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் காரணம் வாய். திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்கவில்லை.

அருப்புக்கோட்டைக்கு வெளியே குளியல் சோப்பும் முகப் பவுடரும் தயாரிக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் பதினாலு வருஷம் வேலை பார்த்தேன். கலவைப் பிரிவு. வாசனை நீலக் கேன்களில் வரும். மேலே பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஏழு என்றால் ரோஜா. பன்னிரண்டு என்றால் சந்தனம். இத்தனை கிலோவுக்கு இத்தனை மில்லி என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து ஊற்றுவேன். பதினாலு வருஷத்தில் நான் செய்தது ஊற்றியது மட்டும்தான். ஆனால் சட்டையில் ஏறிய வாசனை எத்தனை துவைத்தாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவர்கள், "என்ன சென்ட்டுண்ணே?" என்று கேட்பார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டே எனக்கு வாசனையில் ஏதோ ஞானம் இருப்பதாக நானே நம்பிவிட்டேன். (கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர் தன்னை அர்ச்சகர் என்று நினைத்த மாதிரி.)

பிறகு முதலாளி கம்பெனியைக் கோயம்புத்தூர்ப் பக்கம் கொண்டுபோய்விட்டார். நான் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, சோப்புக்கட்டி வாங்கி உருக்கி, வாசனையும் நிறமும் சேர்த்து, அச்சில் ஊற்றிச் சொந்தமாகச் சோப்புப் போட ஆரம்பித்தேன். தெருவில் நாலு வீடு வாங்கியது. அதில் ஒன்று எங்கள் வீடு.

என் மாமனாருக்குப் பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டின் மேலேயே இரும்புக்கடை. ஆணி, கம்பி, கீல், தாழ்ப்பாள், மண்வெட்டி. நான் அந்தக் கடையில் வந்து உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு அது ஒத்துவராது. சோப்பு வாங்குகிறவர்கள் மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்கள். இரும்பு வாங்குகிறவர்கள் அப்படி இல்லை. லாரிக்காரர்கள் ரோட்டில் வண்டியை ஓடவிட்டுக்கொண்டே கத்திக் கேட்பார்கள். நாமும் கத்திப் பதில் சொல்ல வேண்டும். ஒரு போல்ட்டுக்கு அரை மணி நேரம் பேச வேண்டும்.

இந்த இழுபறி நடந்துகொண்டிருந்தபோதுதான் மாமனாருக்கு அறுபதாங் கல்யாணம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் குழாய் வைத்திருந்தார்கள். உடம்பு தேறிவிட்டது. பயம் தேறவில்லை. சாவைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது. துஷ்டி வீடுகளுக்கு (சாவு வீட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) அவர் போவதை அடியோடு நிறுத்திவிட்டார். ஜவுளிக்கடையில் பிணத்துக்குப் போர்த்துகிற கோடித்துணி தொங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாமி படத்துக்குக்கூட ஊதுபத்தி கூடாது, சூடம் மட்டும்தான். அறுபதாங் கல்யாணத்தை விமரிசையாகச் செய்தால் மனசு தெளிந்துவிடும் என்று மாமியார்தான் ஏற்பாடு செய்தார்.

என் மனைவி தனம் தன் அப்பாவிடம் எனக்காகப் போய்ப் பேசினாள். (எனக்காகப் பேசுவது எல்லாம் அவள்தான்.) வருகிறவர்களுக்குக் கொடுக்கிற தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு என் சோப்பும் ஒன்று போட வேண்டும் என்பது அவள் யோசனை. மாமனார் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"முந்நூறு சோப்புப் போடுங்க மாப்ள. நம்ம சொந்தக்காரவுக, ஏவாரிக எல்லாரும் வாராக. நல்லாருக்குன்னு பத்துப் பேரு கேட்டு வந்தா, நீங்க சோப்பே போடுங்க, நான் ஒரு வார்த்த சொல்லல. இல்லாட்டி மறுநாளே கடைக்கு வந்துரணும்."

தலையாட்டினேன். இப்படித்தான் என் சோப்பின் தலையெழுத்து ஒரே நாளில் வந்து நின்றது.

சாதாரண வாசனை போட்டால் போதாது என்று மதுரைக்குப் போனேன். எசன்ஸ் கடை. சுவர் முழுக்க பாட்டில்கள். கடைக்காரர் ஒரு காகிதக் குச்சியைப் பாட்டிலில் முக்கி நீட்டுவார், நாம் மோந்து பார்க்க வேண்டும். கம்பெனியில் ஒரு பழைய ஆள் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. மூன்று வாசனைக்கு மேல் சேர்ந்தாற்போல் மோக்கக் கூடாது. மூக்கு செத்துவிடும். கொஞ்ச நேரம் வெளியே போய் நிற்க வேண்டும், அல்லது காப்பித்தூளை மோக்க வேண்டும். எனக்கு இது நன்றாகத் தெரியும்.

மூன்றாவது குச்சி முடிந்ததும், 'அண்ணே, கொஞ்சம் இருங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நாலாவதை நீட்டிவிட்டார். இவ்வளவு ஆசையாக நீட்டுகிறவரை எப்படி நிறுத்துவது? வாங்கி மோந்தேன். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவதுக்கு மேல் மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். அதைப் பார்த்து அவருக்கு உற்சாகம் கூடியது. பதினேழாவது குச்சியில், "இதுல சந்தனம், ரோஜா, மல்லி எல்லாம் கலந்திருக்கு. ஒங்க பக்கத்துல இதுதான் ரொம்ப ஓட்டம்" என்றார். 'எங்கள் பக்கத்தில் யார் வாங்குகிறார்கள்?' என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு கேள்வி. நாலு சொல். கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் தலையாட்டி அரை லிட்டர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கணக்குப்படி அதில் பாதியைத்தான் சேர்க்க வேண்டும். சேர்த்துக் கலக்கி மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அப்போது யாருக்குமே எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் கொட்டகையிலிருந்து வந்த வாசனையில் மூக்கெல்லாம் மரத்துப்போயிருந்தது. தனம் கருவாட்டுக் குழம்பு வைத்தாலும் எங்களுக்கு ரோஜாதான் அடிக்கும். சரக்கு மட்டமோ, ஏமாற்றிவிட்டானோ என்று மீதிப் பாட்டிலையும் கவிழ்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். அந்த அக்கா மோந்தார். இன்னொரு தரம் மோந்தார். "எங்கயோ மோந்த வாசமாத்தான் இருக்கு. எங்கன்னுதான் நெனப்பு வரமாட்டேங்குது" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய கம்பெனிச் சோப்பைத்தான் எல்லோரும் இப்படிச் சொல்வார்கள். என் சோப்பும் அந்த வரிசையில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அந்த அக்கா அன்று முழுக்க டல்லாக இருந்ததாகத் தனம் பிறகு சொன்னாள்.

விசேஷத்தன்று விடியக்காலையிலேயே தனம் பந்தல்குடிக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு சோப்பையும் மெல்லிய வலைப்பையில் போட்டு, இரண்டு அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, நான் பின்னால் ஷேர் ஆட்டோவில் கிளம்பினேன். ஆட்டோவில் நல்ல கூட்டம். டவுனைத் தாண்டுவதற்குள் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. எதிரில் இருந்த பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யாருக்குப்பா?" என்றார் மெதுவாக.

"எங்க மாமாவுக்கு."

"என்ன வயசு?"

"அறுபது."

"அறுபதெல்லாம் ஒரு வயசா" என்று பெருமூச்சு விட்டார். "எத்தன மணிக்கு?"

"பத்தரைக்கு."

"வெயிலுக்கு முந்தி எடுத்துருங்க தம்பி. சனங்க நிக்க முடியாது."

நல்ல மனிதர், பையைச் சீக்கிரம் கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து, சரி என்றேன். ஆட்டோக்காரர் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் மாமனாருக்கு இவ்வளவு செல்வாக்கா என்று ஆச்சரியப்பட்டேன்.

மண்டபத்துக்குத் தகரக் கூரை. பங்குனி வெயில். மேடைக்குக் கீழே பாய் விரித்து, நாலைந்து பெண்கள் சோப்பை எடுத்துப் பைகளில் போட உட்கார்ந்தார்கள். ஆரம்பத்தில் ஒரே சிரிப்பும் கிண்டலும். ஐம்பது பை தாண்டியதும் சத்தம் குறைந்தது. நூறு தாண்டியதும் ஒருத்தி, நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன தன் அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மற்றவர்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

பத்து மணிக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. வாசலில் வண்டியை நிறுத்தும்போது கலகலப்பாகத்தான் வந்தார்கள். உள்ளே காலடி வைத்ததும் குரல் தானாக இறங்கியது. ஆம்பளைகள் உள்ளே வராமல், வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் மாமியார் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். மேடையில் மாமனார் புது வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் ஆளுயர மாலையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வியாபாரிகள் ஒவ்வொருவராக மேலே போய்க் கும்பிட்டு, தலையை இரண்டு தரம் ஆட்டிவிட்டு, பின்பக்கமாகவே இறங்கி வந்தார்கள். நாதஸ்வரக்காரர் ஒருவர்தான் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஜனங்கள் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள் என்றுதான் பட்டது.

அப்போது சாகுல் பாய் வந்தார். வீரசோழனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். அதற்கு முன் இருபது வருஷம் வளைகுடாவில் இருந்தார். மாமனாருக்கு நெடுநாள் கூட்டாளி. அத்தர் பூசாமல் வெளியே வர மாட்டார், வாசனை பற்றி நிஜமாகவே தெரிந்தவர். வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். நேராக என்னிடம் வந்து, ஒரு சோப்பை எடுத்து மோந்துவிட்டு, தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாப்ள, கோவிச்சுக்கிராதீக. இது சோப்பு வாசம் இல்ல. மஞ்சப் பாக்கெட்டு பத்தி வாசம்."

மஞ்சள் பாக்கெட் பத்தியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் உயிர் போனதும் முதலில் ஒருவர் கடைக்கு ஓடுவார். வாங்கி வருவது மாலையும் அந்தப் பத்தியும். கட்டுக் கட்டாகக் கொளுத்தித் தலைமாட்டில் செருகுவார்கள், எடுக்கிறவரைக்கும் அணையாது. அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி வரைக்கும் எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் அதே பத்திதான். வேறு எதற்கும் யாரும் அதைக் கொளுத்த மாட்டார்கள். ஆக, அந்தப் பத்திக்குச் சேர்க்கிற வாசனையைத்தான், எங்கள் பக்கத்தில் ரொம்ப ஓடுகிற சரக்கைத்தான், இரண்டு பங்காக ஊற்றி முந்நூறு சோப்பு செய்து, சாவுக்குப் பயந்த மனிதரின் காலடியில் குவித்து வைத்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேடைக்கு முன்னால் போய்ப் பைகளை அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். ஆனால் அதற்கு அத்தனை பேர் முன்னால் நடக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நான் வேறு வழி யோசித்தேன். வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்ணிடம் போய், கையிருப்பு எல்லாவற்றையும் மண்டபம் முழுக்கத் தெளிக்கச் சொன்னேன். வாசனையை வாசனையால் அடிப்பது. கம்பெனியில் இப்படிச் செய்வார்கள்.

பத்தி வாசனையோடு பன்னீர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று துஷ்டி வீட்டுக்குப் போன எவரும் சொல்வார்கள். அதுவரை ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. இப்போது குறையில்லாமல் ஆகிவிட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்து, எம்.ரெட்டியபட்டியில் இருந்து தனத்தின் அத்தை வந்து சேர்ந்தார். மாமனாருக்கு அக்கா. ஒரு கண்ணில் புரை எடுத்துப் பச்சைத் துணி கட்டியிருந்தார், மற்றக் கண்ணும் மங்கல். சுற்று வட்டாரத்தில் எந்தத் துஷ்டியிலும் முதல் ஒப்பாரி அவருடையது. வாசற்படியில் கால் வைத்தார். மூச்சை உள்ளே இழுத்தார். எதிரே மாலையோடு அசையாமல் இருக்கிற உருவம் மங்கலாகத் தெரிந்தது. கொண்டையை அவிழ்த்துவிட்டு நெஞ்சில் ஒரு அறை.

"எனக்கு முந்திக்கிட்டியே என் தம்பி, இந்த அக்காவுக்கு ஒரு சொல்லுச் சொல்லலையே..."

குரல் என்றால் அப்படி ஒரு குரல். தகரக் கூரை அதிர்ந்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஒருத்தியைத் தனியாக அழவிட மாட்டார்கள். காரணம் கேட்பதெல்லாம் அப்புறம். நாலு பேர் எழுந்து போய் அத்தையின் தோளைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்தார்கள். மண்டபத்துக்கு வெளியே இருந்த ஆம்பளைகள் எழுந்து நின்றார்கள். நாதஸ்வரம் நின்றது. மாமனார் மாலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அக்கா."

அத்தை பாட்டின் இரண்டாவது அடியை எடுத்துவிட்டிருந்தார்.

"அக்கா, நான் இருக்கேன்."

ஒப்பாரி பாதியில் நின்றது. ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இருக்கியா?"

"இருக்கேங்க்கா."

"பெறகு எதுக்குடா இந்த வாசம்?"

தனம் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததைப் பார்த்து மாமியார் பார்த்தார். பிறகு மண்டபமே பார்த்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"சோப்பு" என்றேன்.

அன்றைக்கு நான் சத்தமாகச் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

சடங்கு நடந்தது. தாலி கட்டினார். பந்தி தனிக் கொட்டகையில் நடந்ததால் அங்கே சாம்பார் ஜெயித்தது, எல்லோரும் சிரித்துப் பேசித்தான் சாப்பிட்டார்கள். பிரச்சினை திரும்பும்போது வந்தது. செருப்புப் போட மண்டபத்து வாசலுக்குத்தானே வர வேண்டும்? மாமனாரும் மாமியாரும் வழியனுப்ப அங்கே நின்றார்கள். துஷ்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது, எந்தப் பொருளையும் வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. விஷயம் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதுதான். இருந்தாலும் அந்த வாசனைக்குள் வந்து நின்றதும் ஒருவருக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கையை வீசிக்கொண்டு போனார்கள். பைகள் அப்படியே இருந்தன. சாகுல் பாய் ஒருத்தர்தான் பையையும் வாங்கி, "போயிட்டு வாரேன் மச்சான்" என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு மாமனார் என்னைக் கூப்பிட்டார். மாலையைக் கழற்றிவிட்டு, மேடை ஓரத்தில் ஒரு சோப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று தனம் மாத்திரை டப்பாவோடு பக்கத்தில் நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எத்தன மிச்சம் மாப்ள?"

"எரநூத்தித் தொண்ணூத்தெட்டு."

"ம்." சோப்பைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு வருசமா நான் தூங்கல. போனா எப்பிடி இருக்கும், யாரு வருவாக, யாரு அழுவாகன்னு இதே நெனப்பு. இன்னைக்குப் பாத்தாச்சு. கூட்டம் பரவால்ல. அக்கா நல்லாத்தான் அழுதா."

தனம் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"சோப்பப் பத்திரமா வைங்க. வீணாப் போகாது, என்னைக்காச்சும் ஆவும்" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பத்துப் பேரு கேட்டாகளா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப நாளைக்குக் கடைக்கு வந்துருங்க."

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. மாமனார் அறுபத்தெட்டு வயசில் கல்லுக் குண்டாக இருக்கிறார். துஷ்டி வீடுகளுக்கு இப்போது முதல் ஆளாகப் போகிறார், போய் வந்து கூட்டம் எப்படி என்று தன்னுடையதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார். அந்தக் குடும்பத்தில் எனக்குப் 'பத்தி மாப்ள' என்று பெயர். எங்கள் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும், ரோட்டு முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போவதாக இருந்தாலும், என் முகத்துக்கு நேரே நின்று "போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கல்யாணம் ஆகி வந்த புது மருமகள் வரைக்கும் இதைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அத்தை மட்டும் என் மேல் கோபமாக இருக்கிறார். இரண்டாவது அடி அன்று ரொம்ப நன்றாக வந்ததாம், முடிக்க விடவில்லையாம்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பந்தல்குடி கடையில் போய் உட்கார்ந்தேன். இரும்புக்கு வாசனை கிடையாது என்பார்கள். உண்டு. முதலில் வந்தவர் இரண்டு அங்குல ஆணி கால் கிலோ கேட்டார். நிறுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.